கரிமப் படலத்தில் பிறக்கும் ஒளி



விளக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது தரும் வெளிச்சத்தைப் பற்றியே பேசுவர். அதற்குக் கொடுத்ததில் எவ்வளவு வெளிச்சமாயிற்று, எவ்வளவு வீணாயிற்று என்று கணக்குக் கேட்போர் குறைவு. டங்ஸ்டன் இழை பொருத்திய பழைய மின்சார பல்பை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்குள் சென்ற மின்சாரத்தில் 100க்கு ஏறத்தாழ 5 பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாயிற்று. மற்றதெல்லாம் வெப்பமாகப் போயிற்று. அதைச் சிறிது வெளிச்சமும் தருகிற ஓர் அடுப்பு என்று சொன்னாலும் பொருந்தும்.

இன்று நான் பேச எடுத்துக் கொண்டது இழையைச் சூடேற்றாமல், வாயுவைக் கொதிக்க வைக்காமல், ஒரு மெல்லிய படலத்திலிருந்து நேராக ஒளியைப் பெறும் முறை. ஓ.எல்.இ.டி. என்ற பெயரால் அதனை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். பல கைப்பேசிகளின் திரையும், சில தொலைக்காட்சிப் பெட்டிகளின் திரையும் இவ்வகையைச் சேர்ந்தவை. கடையில் வாங்கி மாட்டுகிறோமே எல்.இ.டி. பல்பு, அது வேறு, இது வேறு. அந்தப் பல்பில் ஒளி தருவது காலியம் நைட்ரைடு என்னும் கனிமப் பொருளின் படிகம். அது கடுகளவே இருக்கும். ஓ.எல்.இ.டி.யில் ஒளி தருவது கரிமப் பொருள். அதாவது, துணிக்கு ஏற்றும் சாயத்தைப் போலவும், பெட்டியில் போடும் அந்துருண்டையைப் போலவும், கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகக் கோத்து அமைந்த மூலக்கூறுகள். அந்தப் படிகம் ஒரு புள்ளியாக ஒளிர்கிறது. இந்தப் படலமோ ஒரு பரப்பு முழுவதும் ஒளிர்கிறது.

சாயப் பொருளில் மின்சாரம் பாய்ந்து ஒளி தரும் என்பது புதிய செய்தியன்று. பிரான்சு நாட்டில் நான்சி நகரில் பெர்னனோஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1950களின் தொடக்கத்திலேயே உயர்ந்த மாறுமின்னழுத்தம் கொடுத்து இத்தகைய ஒளியைக் கண்டனர். 1963ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் என்பவர் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தில் நேர்மின்னோட்டத்தாலேயே ஒளியைப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. கரிமப் பொருள் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. படிகமோ, மெல்லியதாக அறுத்தாலும், நாம் பின்னால் பேசப்போகும் படலத்தைப் போல நூறு மடங்கு கனமுடையது. ஆகவே அந்த ஒளி ஆராய்ச்சிக் கட்டுரையில் இடம்பெற்றதே தவிர வீட்டுக்குள் வரவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிலைமை அவ்வாறே இருந்தது.

திருப்பம் 1987ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இடம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரம். ஈஸ்ட்மன் கோடக் என்னும் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். புகைப்படச் சுருள் செய்து உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது. சாயப் பொருள்களைத் தூய்மையாகச் செய்வதும், அவற்றைக் கனம் பிசகாமல் மெல்லியதாகப் பூசுவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. அங்கே பணிபுரிந்த சிங் டாங் என்ற ரசாயன விஞ்ஞானி, ஹாங்காங்கில் பிறந்தவர், முதலில் முயன்றது விளக்கு செய்வதற்கன்று. சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கரிமக் கலம் செய்வதற்கு. இரண்டு கரிமப் பொருள்களை இரண்டு அடுக்காகப் பூசினால் அந்தக் கலம் நன்கு வேலை செய்வதை அவர் கண்டார். 1986இல் அதை வெளியிட்டார். ஒளியை உண்டு மின்சாரம் தரும் கலத்தைத் தலைகீழாக நடத்தினால், மின்சாரத்தை உண்டு ஒளி தரவேண்டுமல்லவா? அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக் என்பவரும் சேர்ந்து அவ்வாறே இரண்டு அடுக்கில் ஒரு சாதனம் செய்தனர். இரண்டு அடுக்கும் சேர்ந்த கனம் சுமார் 135 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் கனத்தில் அது ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். 10 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் அது பச்சை நிறமாக, பட்டப்பகலிலும் தெரியும்படி ஒளிர்ந்தது.

மெல்லியதாகப் பூசியதுதான் வெற்றிக்குக் காரணம் என்று பலர் சொல்வர். அது பாதி உண்மை. 10 வோல்ட் சிறியதே. ஆனால் ஒரு சென்டிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கான கனத்தின் குறுக்கே அதைச் செலுத்தும்போது, சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் என்ற கணக்காகிறது. காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் ஏறினாலே பொறி பறக்கும். அத்தகைய விசையில்தான் கடத்தாத பொருளும் கடத்துகிறது. மற்றப் பாதி உண்மை, அடுக்கு இரண்டாக இருந்தது என்பதே. இதைச் சற்று விளக்க வேண்டும்.

படலத்தின் ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான்கள் நுழைகின்றன. மறுபக்கத்திலிருந்து 'துளைகள்' நுழைகின்றன. துளை என்பது எலெக்ட்ரான் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமை. இல்லாத ஒன்று எப்படி நகரும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வகுப்பில் ஒரு பெஞ்சின் கோடியில் ஓரிடம் காலியாகிறது; பக்கத்துப் பையன் அதில் நகர்ந்து உட்காருகிறான்; அவனுடைய இடத்துக்கு அடுத்தவன் நகர்கிறான்; கடைசியில் காலியிடம் பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. துளை நகர்வதும் அவ்வாறே. எலெக்ட்ரானும் துளையும் ஒரே மூலக்கூற்றில் சந்தித்தால், அந்த மூலக்கூறு கிளர்ச்சியடைந்து, பின் அடங்கும்போது ஒளியை வீசுகிறது.

சந்திப்பு நடந்தால்தான் ஒளி. கரிமப் பொருள்களில் துளைக்கும் எலெக்ட்ரானுக்கும் வேகம் ஒன்றாயிருப்பதில்லை. ஒரே அடுக்காக இருந்தால் வேகமானது மறுகரைக்கே போய் உலோகத்தில் இறங்கி வீணாகிவிடும். உலோகத்தின் அருகில் சந்திப்பு நேர்ந்தாலும் பயனில்லை. கிளர்ச்சியின் ஆற்றலை உலோகம் உறிஞ்சிவிடும். டாங் செய்த ஏற்பாடு, இரண்டு ஊர்களுக்கு நடுவே எல்லையில் சந்தை கூட்டுவதைப் போன்றது. ஓர் அடுக்கு துளைகளை மட்டும் எளிதில் கடத்துவது; மற்றது எலெக்ட்ரான்களைக் கடத்துவது. இரண்டும் கூடுமிடத்தில் ஒரு படி வைத்தாற்போல் ஆற்றல் வேறுபாடு இருக்கிறது. அதைத் தாண்ட முடியாமல் துளைகள் தயங்கி நிற்கின்றன. எதிரே எலெக்ட்ரான்கள் வந்து சேர்கின்றன. உலோகத்துக்கு எட்டாத தூரத்தில், நடுவிலே, சந்தை கூடிவிடுகிறது. நான் கேட்டால், இந்த அமைப்பைத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். பின்னர் வந்த சாதனங்களில் ஐந்து, ஆறு, சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட அடுக்குகள் உண்டு. அவை யாவும் இந்த இரண்டடுக்கின் வழிவந்தவையே.

மின்வாய்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்கள் கவனம் செலுத்தினர். ஒளி வெளியே வரவேண்டிய பக்கத்தில் இண்டியம், வெள்ளீயம் ஆகிய உலோகங்களின் கலப்பு ஆக்சைடு. அது கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும், மின்சாரத்தையும் கடத்தும். மறுபக்கத்தில் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் வேண்டும். மக்னீசியம் அத்தகையது, ஆனால் காற்றுப்பட்டால் கெடும், கரிமப் பரப்பில் ஒழுங்காக ஒட்டவும் ஒட்டாது. அதற்காக 10 பங்கு மக்னீசியத்துக்கு 1 பங்கு வெள்ளி கலந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1997இல், அதே ஆராய்ச்சிக்கூடத்தில், அலுமினியத்துக்கும் கரிம அடுக்குக்கும் நடுவே லித்தியம் ஃபுளோரைடை ஏறத்தாழ 1 நானோமீட்டர் கனத்துக்குப் பூசினாலே எலெக்ட்ரான்கள் தாராளமாக நுழைகின்றன என்று கண்டனர். லித்தியம் ஃபுளோரைடோ மின்சாரத்தைக் கடத்தாத உப்பு! கனம் சற்று மிகுந்தால் அதுவே தடையாகிவிடும். கூடிப்போனாலும் கெடுதல், குறைந்து போனாலும் கெடுதல் என்ற வகையில் இது சமையலில் போடும் பெருங்காயத்துக்கு உறவு.

இனி, இந்தப் பேச்சின் நடுநாயகமான கணக்குக்கு வருவோம். பின்னங்களைப் பெருக்கினால் விடை சிறுக்கும் என்பதை ஐந்தாம் வகுப்பில் படித்தோம். ஒளியுமிழ் சாதனம் செய்பவருடைய கவலை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. உள்ளே செலுத்திய எலெக்ட்ரான்களில் துளையைச் சந்தித்தவை எத்தனை பங்கு? சந்தித்தவற்றில் ஒளி வீச அனுமதி பெற்றவை எத்தனை பங்கு? அனுமதி பெற்றவற்றில் உண்மையாகவே ஒளி வீசியவை எத்தனை பங்கு? வீசிய ஒளியில் கண்ணாடிக்கு வெளியே வந்தது எத்தனை பங்கு? இந்த நான்கையும் பெருக்க வேண்டும். அடுக்குகளை நன்கு அமைத்து முதல் பின்னத்தை 1க்கு அருகில் கொண்டுவரலாம். நல்ல மூலக்கூற்றைத் தேர்ந்து மூன்றாவதையும் 1க்கு அருகில் கொண்டுவரலாம். இரண்டாவது கால், நான்காவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. காலையும் ஐந்தில் ஒன்றையும் பெருக்கினால் இருபதில் ஒன்று. நூறு எலெக்ட்ரான் செலுத்தினால் ஐந்து ஒளித்துகள்! அதற்கு மேல் போக முடியாது என்பதே அந்நாளைய நிலை. டாங் செய்த முதல் சாதனத்தில் கிடைத்தது சுமார் ஒன்று.

'ஒளி வீச அனுமதி' என்றேனே, அது என்ன? எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. எலெக்ட்ரானும் துளையும் இணையும்போது அவற்றின் தற்சுழற்சிகள் நான்கு விதமாக அமையலாம். அவற்றுள் ஒன்று 'ஒற்றை நிலை'. மற்ற மூன்றும் 'மும்மை நிலை'. ஒற்றை நிலையில் உள்ள மூலக்கூறு உடனே ஒளி வீசும். இதனை ஒளிர்தல் என்கிறோம். மும்மை நிலையில் உள்ளது சாதாரணக் கரிமப் பொருளில் ஒளி வீச இயலாமல், தன் ஆற்றலை வெப்பமாகக் கழித்துவிடும். நான்கு சந்திப்புகளில் மூன்று பாழ். இது செய்தவரின் கைக்குறையன்று, இயற்கையின் விதி. நான்கு படி நெல்லில் மூன்று படியைக் களத்திலேயே கொட்டிவிட்டு வருவதைப் போன்ற இந்த நட்டத்தை என் செய்வது என்று விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கு மேல் தவித்தனர்.

விடை 1998இல் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃபாரஸ்ட், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன், அவர்களுடன் பணியாற்றிய மார்க் பால்டோ முதலியோர், மூலக்கூற்றின் நடுவே பிளாட்டினம் போன்ற கனத்த அணுவை வைத்தனர். கனத்த அணுவின் அருகில் தற்சுழற்சி விதி தளர்கிறது. மும்மை நிலையும் ஒளி வீசத் தொடங்குகிறது. இதற்கு நின்றொளிர்தல் என்று பெயர். 1999இல் பிளாட்டினத்தின் இடத்தில் இரிடியத்தை வைத்துப் பச்சை ஒளியில் நூற்றுக்கு 8 என்ற அளவை எட்டினர். பழைய வரம்பாகிய 5 உடைந்தது. 2001இல் அது 19 ஆயிற்று. உள்ளே பிறக்கும் ஒளி ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது என்று இதற்குப் பொருள். இரிடியம் அருமையான உலோகம், பிளாட்டினத்தின் கூட்டத்தைச் சேர்ந்தது, விலையும் அதிகம். அதுவும் வேண்டாமல், மும்மை நிலையில் உள்ளவற்றை அறையின் வெப்பத்தாலேயே ஒற்றை நிலைக்கு ஏற்றிவிடும் தனிக் கரிம மூலக்கூறுகளை ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தின் சிஹாயா அடாச்சி குழுவினர் 2012இல் வெளியிட்டனர். இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாட்டை மிகச் சிறிதாக்கியதே அவர்கள் செய்த உபாயம். படி உயரமாயிருந்தால் குழந்தை ஏறாது. தாழ்வாயிருந்தால் தானே ஏறிவிடும்.

இத்தகைய விலையுயர்ந்த மூலக்கூறுகளைத் தனியே பூசுவதில்லை. நெருங்கி நின்றால் அவை ஒன்றன் ஒளியை ஒன்று கெடுத்துக் கொள்ளும். ஆதலால் மற்றொரு பொருளை விருந்தளிப்பவராகக் கொண்டு, அதில் இவற்றை 100க்கு 6 அல்லது 8 பங்கு விருந்தினராகக் கலக்கின்றனர். விருந்தளிப்பவரின் மும்மை நிலை விருந்தினரின் நிலையைவிட உயரத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் ஆற்றல் தாழ்ந்த இடம் தேடித் திரும்பி ஓடிவிடும். சாதனத்தை வடிவமைப்பவர் காகிதத்தில் முதலில் வரைவது இந்தப் படிக்கட்டைத்தான். எந்தப் பொருளின் படி எவ்வளவு உயரம், எது எதை அடுத்து நிற்கவேண்டும் என்று.

நான்காவது பின்னமாகிய ஐந்தில் ஒன்று, ரசாயனத்தின் குற்றமன்று, ஒளியியலின் விளைவு. நீர் நிறைந்த கிணற்றில் மூழ்கி மேலே நோக்கியவர்களுக்குத் தெரியும்: தலைக்கு நேரே ஒரு வட்டத்தில்தான் வானம் தெரியும், அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடி போலாகிவிடும். கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7. அதிலிருந்து காற்றுக்கு வரவேண்டுமானால், ஒளி நிமிர்ந்த திசையிலிருந்து 36 பாகைக்குள் புறப்பட்டிருக்க வேண்டும். பின்னாலுள்ள உலோகம் திருப்பியனுப்புவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்தக் கூம்புக்குள் அடங்குவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எஞ்சியது கண்ணாடிக்குள்ளும் படலத்துக்குள்ளும் பக்கவாட்டில் ஓடி, ஓரத்தில் தேய்ந்து போகிறது. ஒரு பகுதி உலோகப் பரப்பிலேயே அழிந்துவிடுகிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழ் வில்லைகளை ஒட்டுவது, ஒளியைச் சிதறச் செய்யும் பூச்சு இடுவது, விலகல் எண் மிகுந்த கண்ணாடியைப் பயன்படுத்துவது என்று பல வழிகளைக் கையாண்டனர். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009இல் இவ்வாறு வெள்ளை ஒளியில் வாட்டுக்கு 90 லூமன் பெற்றனர். நமக்குப் பழக்கமான குழல்விளக்கின் தரம் அது.

வடிவமைப்பு இவ்வாறிருக்க, செய்முறை எப்படி? இங்கே கைச்சுத்தம்தான் முதற்பாடம். சாதனத்தின் கனம் நூறு நானோமீட்டர் என்றோம். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று ஆயிரம் நானோமீட்டர் இருக்கும். ஒரு சாண் கனத்துக்குச் சாந்து பூசிய தரையில் ஆள் உயரத்தையும் விஞ்சிய பாறை கிடந்தால் எப்படியோ, அப்படி. அந்த ஓரிடத்தில் மேல் மின்வாயும் கீழ் மின்வாயும் தொட்டுக் கொள்ளும், மின்சாரம் முழுவதும் அவ்வழியே ஓடும், சாதனம் ஒளிராது. ஆகவே ஆக்சைடு பூசிய கண்ணாடியைச் சவர்க்காரக் கரைசல், தூய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்ககால் என்று வரிசையாக, செவிக்கு எட்டாத ஒலியால் அதிரும் தொட்டியில் கழுவுகின்றனர். பின்பு புறஊதாக் கதிரும் ஓசோனும் சேர்த்துக் காட்டுகின்றனர். எஞ்சிய அழுக்கை எரிப்பதோடு, துளைகள் படலத்துக்குள் ஏறுவதற்கான படியையும் அது எளிதாக்குகிறது.

அதன் பின் கண்ணாடியை முகம் குப்புற ஒரு வெற்றிட அறையின் கூரையில் பொருத்துகின்றனர். அங்கே காற்றழுத்தம் வெளியே உள்ளதில் சுமார் 76 கோடியில் ஒரு பங்கு. தரையில் சிறிய மூசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரிமப் பொடி. மூசையைச் சூடேற்றினால் பொடி ஆவியாகி மேலே எழுந்து குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. தட்டில் வைத்த சூடம் நாளடைவில் உருகாமலே கரைந்து காணாமற் போவதை அறிவோம். அதே பதங்கமாதலே இது. அறையில் காற்று இருந்தால் மூலக்கூறுகள் மோதித் திசை தவறும். காற்றில்லாததால் அம்பு போல நேராகச் செல்கின்றன. விநாடிக்கு 0.1 நானோமீட்டர் என்ற நிதானத்தில் படியவிட்டால், 60 நானோமீட்டர் அடுக்குக்குப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மூலக்கூறு சிதைந்துவிடும். இவ்வளவு மெல்லிய கனத்தை அளப்பது எப்படி? பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன்மீதும் ஆவி படிவதால் எடை கூடி அதிர்வெண் குறைகிறது. அந்தக் குறைவிலிருந்து கனத்தைக் கணக்கிடுகின்றனர். விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் கலப்பதற்கு இரண்டு மூசைகளை ஒரே சமயத்தில், வெவ்வேறு வேகத்தில், இரண்டு படிகங்களின் மேற்பார்வையில் ஆவியாக்க வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு ஏற்ற வேலையன்று.

எந்த இடத்தில் எந்தப் பொருள் படியவேண்டும் என்பதை ஒரு துளைத்தகடு தீர்மானிக்கிறது. துளையிட்ட தகட்டை வைத்து மாவைத் தூவிக் கோலம் போடுகிறார்களே, அந்த முறைதான். கைப்பேசித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடிக்கணக்கான புள்ளிகளை இவ்வாறே இடுகின்றனர். கடைசியில் லித்தியம் ஃபுளோரைடும், அதன்மேல் நூறு நானோமீட்டர் அலுமினியமும். அறையைத் திறப்பதற்குள் மற்றோர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சாதனம் வெளிக்காற்றைப் பார்க்கவே கூடாது. பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் நமத்துப் போவதைப் போல, ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் எதிர்மின்வாய் கெட்டு, ஒளிப்பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றி வட்டம் வட்டமாகப் பெருகும். ஆதலால் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள்ளேயே மேலே ஒரு கண்ணாடி மூடியிட்டு, ஓரத்தைப் பிசினால் ஒட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருளையும் வைத்துவிடுகின்றனர். ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே ஒரு நாளைக்கு ஒரு மைக்ரோகிராம் ஈரத்துக்கு மேல் புகக்கூடாது என்பது இத்துறையாரின் அளவுகோல். சாதாரணப் பிளாஸ்டிக் தாளில் கிராம் கணக்கில் புகும். வளையக்கூடிய திரை செய்வது ஏன் கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

செய்து முடித்த சாதனத்தைச் சோதிப்பதில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில், மங்கலாக ஒளிரும்போது, திறன் மிகுதியாகத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட அது சரியும். மும்மை நிலையிலுள்ள மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றோடொன்று மோதி, ஆற்றலை வீணாக்குவதே காரணம். ஆதலால் சதுர மீட்டருக்கு 1000 கேண்டிலா என்ற பயன்படும் வெளிச்சத்தில் திறன் எவ்வளவு என்று கேட்பதே முறை. உச்ச அளவை மட்டும் எடுத்துச் சொல்வது, முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனைக் காட்டிப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை மறைப்பதற்கு ஒப்பாகும். பல ஆண்டுகள் தேர்ச்சிப் பட்டியலில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இந்தச் சாதனம் வெளியுலகுக்கு வந்த கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1990இல் கேம்பிரிட்ஜில் ஜெரமி பர்ரோஸ், டொனல் பிராட்லி, ரிச்சர்ட் ஃபிரண்ட் முதலியோர் நீண்ட சங்கிலி போன்ற பாலிமரிலும் இவ்வொளியைக் கண்டு, கரைசலாகப் பூசும் வழியைத் திறந்தனர். 1997இல் ஜப்பானியப் பயனியர் நிறுவனம் மோட்டார் வண்டியின் வானொலிப் பெட்டியில் இத்திரையைப் பொருத்தியது. 2007இல் சோனி நிறுவனம் 11 அங்குலத் தொலைக்காட்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அதன் திரை 3 மில்லிமீட்டர் கனமே. கண்டுபிடித்த கோடக் நிறுவனமோ 2009இல் இத்தொழிலைத் தென்கொரியாவின் எல்.ஜி. குழுமத்துக்கு விற்றுவிட்டது; 2012இல் கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது. வீட்டு விளக்காக ஓ.எல்.இ.டி. வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனிமப் படிக விளக்கு அதைவிட மலிவாகவும், திறமையாகவும், நீண்ட ஆயுளோடும் வந்துவிட்டது. திரைத் துறையில்தான் இதற்குத் தனியிடம் கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து, தானே அணையக் கூடியதாதலால் கறுப்பு உண்மையாகவே கறுப்பாகத் தெரியும். அணைந்த புள்ளிக்கு மின்சாரச் செலவும் இல்லை.

தீராத கடினம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது நீல நிறம். சிவப்பிலும் பச்சையிலும் இரிடிய மூலக்கூறுகள் நான்கு பங்கில் நான்கையும் ஒளியாக்கி, நெடுநாள் உழைக்கின்றன. நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் மிகுதி, சுமார் 2.7 எலெக்ட்ரான் வோல்ட். அவ்வளவு ஆற்றலோடு மும்மை நிலையில் காத்திருக்கும் மூலக்கூறு, அருகிலுள்ள மற்றொன்றோடு மோதுமானால், கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பை முறிக்கப் போதுமான ஆற்றல் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது. முறிந்த மூலக்கூறு ஒளி தராது. பக்கத்தில் பிறக்கும் ஒளியையும் விழுங்கும். விளக்கே தன் திரியைத் தின்பதைப் போன்ற நிலை இது. ஆதலால், பச்சைக்கும் சிவப்புக்கும் இரிடியம் வந்த பின்னரும், விற்பனைக்கு வந்த திரைகளில் நீலத்துக்குப் பெரும்பாலும் பழைய ஒளிர்தல் முறைப் பொருள்களையே வைத்தனர். மூன்று பங்கை இழப்பதற்கு உடன்பட்டு ஆயுளைக் காத்தனர் என்க.

ஆராய்ச்சியாளர்கள் பல வழிகளில் முயல்கின்றனர். மும்மை நிலையில் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து மோதலைத் தவிர்ப்பது ஒரு வழி. மூலக்கூற்றில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனத்த உடன்பிறப்பாகிய டியூட்டீரியத்தை வைத்துப் பிணைப்பை உறுதியாக்குவது ஒரு வழி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிரும் தொகுதிகளை அடுக்கி, அதே வெளிச்சத்தைப் பாதி மின்னோட்டத்தில் பெறுவது இன்னொன்று. தொழிற்சாலைகள் இதனை ஏற்கெனவே மேற்கொண்டுள்ளன. எளிய உபாயமும் ஒன்று உண்டு. கைப்பேசித் திரையை நல்ல உருப்பெருக்கியால் பார்த்தால், பலவற்றில் பச்சைப் புள்ளி சிறிதாகவும், நீலப் புள்ளி எல்லாவற்றிலும் பெரிதாகவும் இருப்பதைக் காணலாம். பரப்பு பெரிதானால் ஒவ்வொரு மூலக்கூற்றின்மீதும் விழும் சுமை குறையும்; ஆயுள் நீளும். பள்ளிகளில் உருப்பெருக்கி வைத்திருக்கும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இதை ஒருநாள் காட்டலாம், செலவு ஒன்றுமில்லை.